வெட்டுக்கிளி ரெண்டு வகை! பயத்தை விற்பவர் ஒரே வகை!



2020 மே மாதக் கடைசி நினைவிருக்கா? ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பாலைவன வெட்டுக்கிளி படைபடையாக இறங்கிய நேரம். நம்ம மாவட்டத்தில், வேப்பனப்பள்ளி பக்கம் நேரலகிரியில், எருக்கஞ்செடி முழுக்க வெட்டுக்கிளி மொய்த்தது. "வந்துடுச்சு!" என்று ஊரே பதறியது. அதிகாரிகள் பார்த்துவிட்டு, இது பாலைவனத்து வெட்டுக்கிளி இல்லை, உள்ளூர் வகை என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது. நம் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

பாலைவன வெட்டுக்கிளி கூட்டம் சேர்ந்தால் நிறமும் குணமும் மாறும். காற்றோடு ஒரே நாளில் 150 கிலோமீட்டர் வரை பறக்கும். தினமும் தன் எடை அளவுக்குத் தின்னும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டம் ஒரு நாளில் தின்பது 35,000 பேர் சாப்பாடு. கண்ட பச்சையெல்லாம் அதற்குத் தீனி.

எருக்கு வெட்டுக்கிளி அப்படியல்ல. மஞ்சளும் நீலமும் பட்டை போட்டது. தொட்டால் நீர் பீய்ச்சும். எருக்கு இலையே அதன் முக்கியச் சாப்பாடு. எருக்கு தீர்ந்தால் பக்கத்துக் காய்கறிச் செடியைக் கடிக்கலாம். ஆனால் படைகட்டி மாநிலம் விட்டு மாநிலம் பறக்காது. காலையில் குளிரில் மந்தமாக இருக்கும்போது கையாலேயே பொறுக்கலாம். கோடை உழவு போட்டால் மண்ணுக்குள் இருக்கும் முட்டை மேலே வரும், மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும்.

இந்த வித்தியாசத்தை நமக்கு யார் சொல்கிறார்கள்? தக்காளியில் புழு, கோஸில் புழு என்று இலையைப் பிய்த்துக்கொண்டு மருந்துக்கடைக்குத்தான் ஓடுகிறோம். விற்பவரே வைத்தியர்! ஒரு மருந்துக்கு மூணு மருந்து கட்டிக் கொடுக்கிறார். அடித்தால் பூச்சியோடு பொறிவண்டும் சிலந்தியும் தேனீயும் சாகும். கடன் மட்டும் சாகாது.

டி.வி.யில் வந்த பூச்சிக்கு ஓடிவந்த அரசாங்கம், தினமும் நம்மைத் தின்னும் பூச்சிக்கு ஏன் வருவதில்லை?

நாம் கேட்பது:

* பையூர் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ஒவ்வொரு பட்டத்துக்கு முன்பும் ஊர் வயலில் நின்று சொல்ல வேண்டும்.
* பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆள் வேளாண் விரிவாக்க மையத்தில் இருக்க வேண்டும்.
* ரசீது இல்லாத மருந்து விற்பனையைத் தடுக்க வேண்டும்.

அதுவரை நாமும் ஒன்று செய்வோம். டப்பாவில் சிவப்பு முக்கோணமா, பச்சை முக்கோணமா என்று பார்ப்போம். சிவப்பு என்றால் கடும் விஷம். பூச்சியின் பேர் தெரியாமல் பம்பைத் தோளில் மாட்ட மாட்டோம்!

பூச்சியை அறிவோம்! ஒன்று சேர்வோம்! கேட்டு வாங்குவோம்!

இப்படிக்கு,
சங்கத்து விவசாயிகள், தொரப்பள்ளி