தினம் ஒரு மாத்திரை

ரத்தப் புற்றுநோய் என்றால் நம் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது சினிமாதான். கதாநாயகி இருமுவாள், கைக்குட்டையில் ரத்தம் தெரியும், கடைசி ரீலில் கதை முடிந்துவிடும். ஆனால் சகோதரிகளே, ரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. வேகமாக வந்து ஆளைச் சாய்க்கிற வகையும் உண்டு, சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் பதுங்கியிருக்கிற வகையும் உண்டு. என் ஓரகத்திக்கு வந்தது இரண்டாவது வகை. 'க்ரானிக் மைலாய்ட் லுகீமியா' என்று நீளமான பெயர். ஆஸ்பத்திரியில் 'சி.எம்.எல்.' என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள். அவள் இதற்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் அடுக்களையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலுமாக நாங்கள் தெரிந்துகொண்டதைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

அவளுக்கு வயது 36. இரண்டு குழந்தைகள், சின்னவன் இரண்டாம் வகுப்பு. சாயங்காலமானால் ஒரே அசதி. இடது பக்கம் விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டின மாதிரி கனம். நாலு வாய் சாப்பிட்டால் போதும், வயிறு நிறைந்துவிடும். "வேலை ஜாஸ்திக்கா, அதான்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளை அணு 1,84,000 இருந்தது. சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கவேண்டும். அந்தக் கனம், மண்ணீரல் வீங்கியதால் வந்தது.

இந்த நோய் எப்படி வருகிறது? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. அங்கே ஒரே ஓர் அணுவில் 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவது குரோமோசோமும் உடைந்து, துண்டு மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டு ஒரு புதுப் புரதத்தை உண்டாக்குகிறது. அது எப்போதும் 'ஆன்' ஆகவே இருக்கும் ஸ்விட்ச் மாதிரி. வெள்ளை அணுக்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கச் சொல்லும். இது பரம்பரையாக வருவதல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. அவள் குடித்த டம்ளரைத் தனியாக வைத்த ஒரு தூரத்து உறவுக்கார அம்மாளுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்லுகிறேன்.

1960-இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து விஞ்ஞானிகள் இரண்டு பேர், இந்த நோயாளிகளிடம் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அது ஏன் குட்டை என்பதை 1973-இல் கண்டுபிடித்துச் சொன்னவர் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்ற பெண்மணி. நாலு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை வாரத்தில் சில நாள்தான் வேலைக்குப் போவாராம். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பார்ப்பாராம். "அம்மா காகிதப் பொம்மை வெச்சு விளையாடறா" என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். சாப்பாட்டு மேஜையில் காய் மட்டும்தான் நறுக்கலாம் என்று யார் சொன்னது!

அந்த ஸ்விட்சை அணைக்கிற மாத்திரைதான் 'இமாடினிப்'. அமெரிக்காவில் 2001 மே மாதம் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இதே நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியும், பொருத்தமான ஆள் கிடைத்தால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும்தான் வழி. ஆரம்ப காலத்தில் இமாடினிப் சாப்பிடத் தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் கணக்குச் சொன்னார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகும் 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். என் கொழுந்தனார் இந்த ஒரு வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்டுபிடித்த கம்பெனியின் மாத்திரை ஒரு காலத்தில் மாதத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல். நம் நாட்டுக் கம்பெனிகள் அதையே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தயாரித்தன. வெளிநாட்டுக் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-இல் நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு மேலே போய், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் மறுத்துவிட்டது. அதனால்தான் இன்று எங்களைப் போன்ற குடும்பங்களால் வாங்க முடிகிறது. அரசு ஆஸ்பத்திரியிலோ, காப்பீட்டு அட்டையிலோ கிடைக்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நகையை அடகு வைக்கிறவர்கள் எத்தனை பேர்!

மருந்து ஆரம்பித்த நாளுக்கு வருகிறேன். 400 மில்லிகிராம், தினம் ஒன்று. "எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டாள். "நாள் கணக்கு இல்லம்மா, இப்போதைக்கு நிறுத்தறதைப் பத்தி நினைக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவேயில்லை. அன்று ராத்திரி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதை வாயில போட்டா நான் நோயாளின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமில்ல?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "முதல்ல சாப்பிடு, வெறும் வயித்துல போடக்கூடாதாம்" என்று தட்டில் இன்னொரு தோசையை வைத்தேன்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்கவேண்டும். விழுங்கினவுடன் படுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. அதையே மாத்திரை நேரமாக வைத்தோம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. வாந்தி எடுத்துவிட்டாலும் நாமாக இன்னொன்று கொடுக்கக்கூடாது, டாக்டரைக் கேட்கவேண்டும். (இதே நோய்க்கு வேறு சில மாத்திரைகளும் உண்டு. அதில் 'நைலோடினிப்' என்பதை வெறும் வயிற்றில்தான் போடவேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதை வைத்து நம் வீட்டு மருந்தை மாற்றிவிடாதீர்கள்.)

மருந்துத் தாளில் 'கிரேப்ஃப்ரூட் கூடாது' என்று போட்டிருந்தது. எங்கள் மாமியார் உடனே கூடையிலிருந்த திராட்சையை எல்லாம் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்! அது திராட்சை அல்ல, பம்பளிமாஸுக்கு உறவான பெரிய புளிப்புப் பழம். அது மருந்தை உடம்பில் அதிகமாகச் சேரவிடுமாம். திராட்சை தாராளமாகச் சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் வீட்டில் மறுபடி திராட்சை வந்தது.

மாமியாருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. அவர் பிறந்த ஊரில் ஒரு வைத்தியர் சூரணம் கொடுக்கிறார், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று. "ரெண்டையும் சேத்துக் குடுத்தா என்ன?" என்றார். அவர் ஆசையில் தப்பில்லை. ஆனால் இந்த மாத்திரை கல்லீரல் வழியாகப் போவது. வேறு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கலாம், அல்லது மாத்திரையின் வேலையே குறைந்துபோகலாம். காய்ச்சல் மாத்திரைக்குக்கூடக் கேட்டுத்தான் போடவேண்டும் என்கிறார்கள். "அத்தை, அந்த வைத்தியர்கிட்ட நீங்க உங்க மூட்டுவலிக்கு வாங்கிக்குங்க, இவளுக்கு வேண்டாம்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் எழுந்தால் கண் இரண்டும் அழுத மாதிரி வீங்கியிருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். உடம்பில் நீர் சேர்வதால் வாராவாரம் எடை பார்த்து நோட்டில் எழுதினோம். திடீரென்று எடை ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே போகவேண்டும். நிறம்கூடச் சிலருக்கு வெளுக்கும். இவளுக்கும் வெளுத்தது. கல்யாண வீட்டில் ஒருத்தி "என்ன க்ரீம் போடறே?" என்று கேட்டாளாம். இவள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

இளம் தாய்மார்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக்கூடாது, தாய்ப்பாலும் கொடுக்கக்கூடாது. குழந்தை வேண்டும் என்ற எண்ணமிருந்தால் மருந்து தொடங்கும் முன்பே டாக்டரிடம் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கிறாரே என்று விழுங்கிவிடாதீர்கள்.

எங்களை உண்மையில் ஆட்டி வைத்தது ஆறாவது வாரம். முதல் மாதம் வாராவாரம் ரத்தம் பார்த்தார்கள், அடுத்த மாதம் இரண்டு வாரத்துக்கொரு முறை. வெள்ளை அணு அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. ஆனால் ஆறாவது வாரம் ரொம்பவே இறங்கிவிட்டது. கிருமியோடு சண்டை போடும் வகை அணு 1,000-க்கும் கீழே. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். "பாத்தியா, ஒத்துக்கலை" என்றார் மாமியார். இவள் முகம் செத்துப்போயிற்று. "ஒரு மாத்திரைதான் இருந்தது, அதுவும் போச்சாக்கா?" என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மஜ்ஜை முழுக்க நோய் அணுக்களே இடம் பிடித்திருந்தன, மருந்து அவற்றைக் காலி செய்துவிட்டது, நல்ல அணுக்கள் முளைத்து வரக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றார். களை பிடுங்கின வயலில் உடனே பயிர் நிற்குமா? அதுவரை கூட்டத்துக்குப் போகாமல், கைகழுவிச் சாப்பிட்டு, காய்ச்சல் அடித்தால் அர்த்த ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். பத்து நாளில் அணு 1,500-ஐத் தாண்டியது. அதே 400 மறுபடி ஆரம்பமாயிற்று. அதற்குப் பிறகு நிறுத்தவேண்டி வரவில்லை.

மூன்றாம் மாத முடிவில் அந்த ஒட்டு மரபணு ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பரிசோதனை. 10 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இவளுக்கு 4.2 வந்தது. ஆறாம் மாதம் 1-க்குள்ளும், ஒரு வருஷத்தில் 0.1-க்குள்ளும் இறங்கவேண்டுமாம். இறங்காவிட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். பல வருஷம் ஒன்றுமே தெரியாத அளவுக்குக் குறைந்திருந்தால், சிலருக்கு டாக்டரே கண்காணிப்பில் நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அப்படி நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது என்பதால், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்துவது ஆபத்து.

இப்போது விலாக் கனம் போய்விட்டது. பழையபடி நாலு தோசை சாப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமை விரதம் மட்டும்தான் இன்னும் தீராத வழக்கு. அன்று ராத்திரி பால் பழத்தோடு மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்கிறாள், விரதத்தை விடவும் மனசில்லை. பகல் முழுக்க விரதம் இருந்து ராத்திரி சாப்பிடலாமா என்று கேட்டு வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் 1-க்குள் வருகிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும்போது பதில் சொல்லுவதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதுவரை வெள்ளிக்கிழமையும் ராத்திரி எட்டு மணிக்குத் தோசைதான்.