‘பேச்சுத் தாமதம்’ என்று எழுதினால் போதுமா?

மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால், “அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று நம் வீடுகளில் சமாதானம் சொல்வோம். கிளினிக்கில் கிடைக்கும் பதிலும் சில வேளைகளில் இரண்டே சொற்களில் முடிகிறது: பேச்சுத் தாமதம். மருத்துவமனை ஆவணப் பிரிவில் நோய்க் குறியீடுகளைப் பதியும் பணியில் இருக்கிறேன். அந்த இரண்டு சொற்களால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பேச்சுத் தாமதம் காய்ச்சலைப் போன்ற ஓர் அறிகுறிதான். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் தாமதமாகலாம். நாம் சொல்வதெல்லாம் புரிந்தும் வார்த்தை வராத பிள்ளை உண்டு; சொல்வதே புரியாத பிள்ளையும் உண்டு. இந்த நால்வருக்கும் தேவைப்படும் உதவி வெவ்வேறு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 தொகுப்பு இவர்களைப் பிரித்தே வைத்திருக்கிறது. செவித்திறன் இழப்புக்கு எச் 90, ஆட்டிசத்துக்கு எஃப் 84.0, பேசி வெளிப்படுத்துவதில் குறைபாட்டுக்கு எஃப் 80.1, புரிந்துகொள்வதில் குறைபாட்டுக்கு எஃப் 80.2. காரணம் தெரியாமல் பேசத் தாமதிக்கும் பிள்ளைக்கு ஆர் 62.0. மருத்துவர் எழுதாததை நாங்கள் ஊகித்துப் பதியக்கூடாது. கோப்பில் ‘பேச்சுத் தாமதம்’ என்று மட்டும் இருந்தால், பொதுவான குறியீடுதான் விழும்.

முதல் சந்திப்பில் அப்படி எழுதுவதில் தவறில்லை. இரண்டு வயதில் குறைவாகப் பேசும் பிள்ளைகளில் பலர் பின்னர் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். அவசரப்பட்டுப் பெரிய பெயர் சூட்டுவதும் நல்லதல்ல. ஆனால், காது சோதிக்கப்பட்டதா, பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது என்ற விவரம் எதுவுமின்றி அதே சொல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், அடுத்துப் பார்ப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இழப்பது பிள்ளையின் காலத்தை.

மலேசியச் சமூக நல இலாகா மாற்றுத் திறனாளிகளை ஏழு பிரிவுகளில் பதிவு செய்கிறது. பேச்சுக் குறைபாட்டுப் பிரிவில் சேர, பிள்ளைக்கு 5 வயது ஆகியிருக்க வேண்டும். ஆட்டிசம் உறுதியானால் கற்றல் பிரிவிலும், காது கேளாமை என்றால் செவித்திறன் பிரிவிலும் பதியலாம். ஆக, பேசாத இரு பிள்ளைகளுக்கு எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதை மருத்துவர் எழுதும் காரணமே தீர்மானிக்கிறது. சிகிச்சைக்கு அந்த அட்டை தேவையில்லை. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் போதும். அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள்.

நம் சமூகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், பராமரிப்பு நிலையத்தில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். பல மொழிகள் கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. இரண்டு வயதில் சுமார் 50 சொற்களும், இரு சொற்களைச் சேர்த்துப் பேசுவதும் பொதுவாகக் கவனிக்கப்படும் அளவுகோல். தமிழில் 25, மலாயில் 20, ஆங்கிலத்தில் 10 சொற்கள் சொல்லும் பிள்ளைக்கு மொத்தம் 55. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் அதே பிள்ளை பின்தங்கியதாகத் தெரியும். எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதும் கோப்பில் இருக்க வேண்டும். அதற்காகத் தமிழை நிறுத்திவிட்டால், பிள்ளை இழப்பது பாட்டியோடு பேசும் வாய்ப்பைத்தான்.

2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த ஐசிடி-11 தொகுப்பில், வளர்ச்சிசார் மொழிக் குறைபாட்டுக்கு 6ஏ01.2 என்ற குறியீடு உண்டு. நாடுகள் படிப்படியாக அதற்கு மாறி வருகின்றன. தொகுப்பு எவ்வளவு மேம்பட்டாலும், கோப்பில் இல்லாத விவரத்தை அது தந்துவிடாது.

கிளினிக்கில் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பது பெரும்பாலும் வீட்டிலுள்ள இளையோர்தான். அடுத்த முறை தம்பி தங்கையோடு போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காது சோதித்தாயிற்றா? எந்தெந்த மொழிகளில் பார்த்தீர்கள்? மறுபடியும் எப்போது பார்ப்பீர்கள்? பதில்களைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.