'நான்' என்று சொல்லும் உரிமை

தமிழ் படிக்கும் மாணவர்க்கு ஐந்திணை மனப்பாடம். குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அந்தத் திணைகளுக்குள் யாரெல்லாம் காதலிக்கலாம் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

தொல்காப்பிய அகத்திணையியலில் விடை இருக்கிறது. அடியோருக்கும் வினைவலருக்கும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணையில்தான் இடம். பிறர்க்கு ஏவல் செய்வோர் அறம், பொருள், இன்பம் வழுவாமல் நடப்பது அரிது, அவர்க்கு நாணமும் குறைவு என்று உரைகாரர் இளம்பூரணர் காரணம் சொல்கிறார். அன்றைய அடியோர்தான் இன்றைய தலித்துகள் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பவருக்கு மென்மையான மனம் கிடையாது என்ற எண்ணம் கவிதையின் இலக்கணமாகவே நின்றது என்கிறோம்.

மனம் இல்லாமலா நம் பெண்கள் பாடினார்கள்? நடவு வயலில் பாடினார்கள், தாலாட்டினார்கள், ஒப்பாரி வைத்தார்கள். பாட்டு ஊருக்குப் பிடித்தது. பாடியவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஊரார் வீட்டுச் சாவுக்குப் பறையடிப்பது கலையாக அல்ல, கட்டாய ஊழியமாகவே சுமத்தப்பட்டது. ஆகவே, "நாட்டுப்பாட்டுதான் உங்கள் வடிவம், அதையே எழுதுங்கள்" என்று சிலர் பரிவோடு சொல்லும்போது நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பாட்டை நாம் கைவிடவில்லை. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலைச் சிவகங்கைச் சீமையின் கே.ஏ.குணசேகரன் பாடியபோது, அது மேடைதோறும் 'நாங்கள்' என்ற குரலாயிற்று. ஆனால் கூட்டம் கலைந்தபின் தனியே இருக்கும் மனுசிக்கும் ஒரு குரல் வேண்டும். ஆசை, அவமானம், பயம், கோபம் எல்லாம் அவளுக்கும் உண்டு. அந்தக் குரல்தான் தன்னுணர்ச்சிக் கவிதை.

லாலாப்பேட்டையைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை சுகிர்தராணி அதைச் செய்தார். தந்தையின் தொழிலைப் பள்ளியில் மறைத்த சிறுமி, வளர்ந்தபின் கேட்பவரிடம் தன் சாதியைத் தானே சொல்வதாக அவர் கவிதை ஒன்று உண்டு. அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு. பெயரில்லாமல் இருப்பது அவர்களுக்கு அழகு. சாதிப் பெயராலேயே அழைக்கப்பட்டவளுக்கோ, அதை எடுத்துத் தன் வாயால் சொல்வதே விடுதலை.

"கவிதையில் சாதி எதற்கு?" என்பார்கள். சாதி இல்லாத இடமாகக் கவிதை இருந்திருந்தால் அந்தக் கேள்வி நியாயம். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து சுகிர்தராணி, பாமா ஆகியோரின் எழுத்தை நீக்கியது. வெறும் உணர்ச்சிப் புலம்பல் என்றால் அதை ஏன் நீக்க வேண்டும்?

மேலூருக்குப் பக்கத்து மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனோடு சேர்த்து ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். செய்தியில் அது எண்ணிக்கை. நீதிமன்றத்தில் அது வழக்கு. அந்த வீடுகளில் அன்றிரவு அடுப்பு எரியாததைச் சொல்லக் கவிதை ஒன்றுக்குத்தான் முடியும்.

உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் படிக்கும் தம்பி தங்கைகளே, அகத்திணையியலையும் சுகிர்தராணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வகுப்பில் கேள்வி கேளுங்கள். பிறகு 'நான்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதுங்கள். அடியில் உங்கள் பெயரையும் ஊரையும் போடுங்கள்.