சிப்பாய் வீடு திரும்பிய பிறகு

சிப்பாய் போர்முனைக்குப் புறப்படும்போது ஊர் கூடி மாலையிட்டு வழியனுப்புகிறது. அவன் திரும்பி வரும்போதும் ரயிலடியில் மேளமும் தோரணமும் இருக்கின்றன; பத்திரிகைகள் படம் போடுகின்றன; நம்மைப் போன்றவர்கள் மேடையேறி அவனுடைய வீரத்தையும் அவன் மனைவியின் தியாகத்தையும் புகழ்ந்து பேசுகிறோம். மறுநாள் முதல் அந்த வீட்டுக்குள் நடப்பது என்னவென்று எவரும் விசாரிப்பதில்லை. பிரிந்தவர் கூடினர், துன்பம் தீர்ந்தது என்று தேசம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் சென்ற எண்பது வருஷ காலத்தில் பெரிய சைனியங்களை வைத்திருந்த தேசங்கள் பட்டறிந்தது வேறு. பிரிவைத் தாங்குவது ஒரு காரியம். மறுபடியும் சேர்ந்து வாழப் பழகுவது மற்றொரு காரியம். அநேக குடும்பங்களுக்கு இரண்டாவதே அதிகக் கடினமாக இருந்திருக்கிறது.

இரண்டாவது உலக யுத்தம் 1945-ல் முடிந்தபோது அமெரிக்கப் படைகளில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் இருந்தனர். இரண்டு வருஷத்துக்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்டனர். 1940-ல் அத்தேசத்தில் ஏற்பட்ட விவாகரத்துகள் சுமார் 2,64,000. 1946-ல் அத்தொகை 6,10,000. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1938-ல் ஏறக்குறைய 6,000-ஆக இருந்தது, 1947-ல் 60,000-ஆயிற்று. இத்தொகைகளைக் கண்டவுடன், புருஷன் அயலூரில் இருந்தபோது பெண்கள் நெறி தவறினர் என்றும், தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிப் பழகியதால் அடங்க மறுத்தனர் என்றும் கூக்குரலிட்டவர்கள் பலர். இப்படிப்பட்ட தீர்ப்புகளைச் சொல்வது எளிது, ஆராய்வதுதான் சிரமம். இங்கிலாந்தில் 1937-ல் நிறைவேறிய புதிய சட்டம் விவாகரத்துக்குரிய காரணங்களை விரிவாக்கியிருந்தது. ஆகவே ஏற்றத்தில் ஒரு பங்கு சட்டத்தினால் வந்தது. கப்பலேறுவதற்கு முன் அவசர அவசரமாக நடந்த விவாகங்கள் வேறு ஆயிரக்கணக்கில் இருந்தன. அமெரிக்காவில் 1950-க்குள் தொகை சுமார் 3,85,000-ஆக இறங்கிவிட்டது. இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சும் கேள்வி ஒன்றுண்டு. ஒருவரையொருவர் விரும்பி, நெறி தவறாமல், வருஷக்கணக்கில் காத்திருந்த தம்பதிகள் சேர்ந்த பின் ஏன் அவ்வளவு துன்பப்பட்டனர் என்பதே அது.

இதற்கு ஒரு நல்ல விடை 1949-ல் வெளிவந்தது. ரூபன் ஹில் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஐயோவா மாகாணத்தில், தகப்பன் யுத்தத்துக்குச் சென்று திரும்பிய 135 குடும்பங்களை ஆராய்ந்து எழுதினார். பிரிவுக் காலத்தை நன்றாகச் சமாளித்த குடும்பமே சேர்க்கையையும் நன்றாகச் சமாளிக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். அவர் கண்டது அப்படியில்லை. கணவன் போனவுடன் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, அவன் செய்துவந்த வேலைகளையெல்லாம் பங்கிட்டுக்கொண்டு, அவனில்லாமலே ஒழுங்காக நடக்கும்படி தம்மை அமைத்துக்கொண்ட குடும்பங்கள் பிரிவைச் சுலபமாகக் கடந்தன. ஆனால் அவன் திரும்பி வந்தபோது அவனுக்கு உட்கார இடமில்லை. கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, பையனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கடனை எப்போது அடைப்பது என்பவையெல்லாம் அவனில்லாமலே தீர்மானமாகிவிட்டன. மறுபுறம், அவனையே நினைத்து எல்லாவற்றையும் அவன் வரும்வரை ஒத்திவைத்த குடும்பம் பிரிவுக் காலத்திலேயே சீர்குலைந்தது. இடைவழியே சென்று, காரியங்களைத் தாமே நடத்திக்கொண்டு, கடிதத்தின் மூலம் அவனுடைய யோசனையையும் கேட்டு, வீட்டில் அவனுக்கென்று ஓரிடத்தைத் திறந்து வைத்திருந்தவர்கள் இரண்டு கட்டங்களையும் ஓரளவு நன்றாகக் கடந்தனர்.

இதிலுள்ள கொடுமையை நேயர்கள் கவனிக்க வேண்டும். எந்த மனைவி குடும்ப பாரத்தைத் திறமையாகச் சுமந்தாளோ, அவளே கணவன் வந்த பின் அதிகமாக வருந்துகிறாள். அவன் வருவதற்கு முதல் நாள் வரை அவள் வீட்டின் தலைவி. வந்த மறுநாள் முதல் கேட்டுச் செய்பவளாக மாற வேண்டும் என்று சுற்றத்தார் எதிர்பார்க்கின்றனர். அவனுக்கோ, தான் இல்லாமலே வீடு நன்றாக நடந்திருக்கிறது என்பது பெருமையாகவும் இருக்கிறது, நெஞ்சில் முள்ளாகவும் இருக்கிறது. தகப்பன் முகமே அறியாத குழந்தை தாயின் பக்கத்தில் படுத்துப் பழகியது. இப்போது யாரோ ஒருவர் வந்து தன்னை அப்புறப்படுத்துவதாக அழுகிறது. இவற்றில் எவர்மீதும் குற்றமில்லை. குற்றமில்லாத இடத்தில் மனிதர்கள் குற்றவாளியைத் தேடத் தொடங்குவதுதான் சண்டைக்கு ஆரம்பம்.

ராணுவங்களுக்கு இது ஓரளவு தெரிந்தே இருந்தது. சிறைப்பட்டு வருஷக்கணக்கில் கம்பிவேலிக்குள் இருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக 1945 முதல் இங்கிலாந்தில் இருபது தனி முகாம்கள் அமைக்கப்பட்டன. விரும்பியவர்கள் மட்டுமே அங்கு சேர்ந்தனர். வேலை பழகவும், வார முடிவில் வீட்டுக்குப் போய் வரவும், மனைவியோடு ஏற்படும் சங்கடங்களைப் பேசித் தீர்த்துக்கொள்ளவும் வசதி செய்யப்பட்டது. நம்மை ஆண்ட சர்க்காரிடம் கற்றுக்கொள்ளத் தக்கவை சொற்பம். இது அவற்றில் ஒன்று.

பயணத்தின் வேகமும் சாமானிய விஷயமன்று. 1982-ல் பாக்லாந்து தீவுச் சண்டை முடிந்தபின் மரீன் படையினர் பலர் கன்பெரா என்ற கப்பலில் ஜூலை மாதம் ஊர் வந்து சேர்ந்தனர். கடலில் கழிந்த அந்த நாட்களில் உடன்போரிட்டவர்களோடு பேசி மனத்தை ஆற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. ஆகாய விமானமோ போர்முனையில் நின்றவனை இரண்டே நாளில் சமையலறை வாசலில் இறக்கிவிடுகிறது. இதை உணர்ந்து கனடா தேசத்தார் ஆப்கானிஸ்தானத்திலிருந்து திரும்பிய தம் துருப்புகளை 2002-ல் குவாம் தீவில் சில நாள் தங்கவைத்து அனுப்பினர். பின்னர் பிரிட்டிஷாரும் சைப்ரஸ் தீவில் அவ்வாறே செய்தனர்.

அமெரிக்கா விலை கொடுத்துக் கற்றது. 2002-ஆம் வருஷக் கோடையில் வட கரோலைனாவிலுள்ள போர்ட் ப்ராக் ராணுவ நிலையத்தில் ஆறு வாரங்களுக்குள் நான்கு மனைவியர் கணவன்மாராலேயே கொல்லப்பட்டனர். அக்கணவன்மாரில் ஆப்கானிஸ்தானத்திலிருந்து அண்மையில் திரும்பியவர்களும் இருந்தனர். ராணுவம் அனுப்பிய விசாரணைக் குழு, ஏற்கெனவே இருந்த குடும்பத் தகராறுகளையும், பிரிவினால் ஏற்பட்ட பாரத்தையும், உதவி கேட்டால் உத்தியோகம் கெடும் என்ற அச்சத்தையும் சுட்டிக்காட்டிற்று. ஆயினும் 2007 ஏப்ரலில் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் அனுப்பப்படும் தரைப்படையினரின் தவணை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டப்பட்டது. மறு வருஷம்தான் குறைக்கப்பட்டது. தேசியக் காவற்படை, ரிசர்வ் படை ஆகியவற்றின் குடும்பங்களுக்கென்று வகுக்கப்பட்ட ஒரு திட்டத்தின்படி, சிப்பாய் திரும்பி ஏறக்குறைய 30, 60, 90 நாட்களானதும் தம்பதிகளை அழைத்துப் பேசும் கூட்டங்கள் நடத்தப்பட்டன. தொல்லைகள் முதல் வாரத்தில் தலைகாட்டாமல் இரண்டாம், மூன்றாம் மாதத்தில் எழுகின்றன என்பதை இந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது. முதல் வாரம் விருந்தில் கழிந்துவிடும் அல்லவா?

விவாகரத்துக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவோருக்கு ஒரு செய்தி. ராண்ட் என்ற ஆராய்ச்சி நிலையம் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, நெடுநாள் போர்முனையில் இருந்தவர்களுக்கு விவாகரத்து குறைவாகவே இருக்கிறது என்றது. அதே நிலையம் 2013-ல், 1999 முதல் 2008 வரை சேவை செய்த 4,62,000-க்கு மேற்பட்ட சிப்பாய்களின் குறிப்புகளைப் பரிசீலித்து, பிரிந்திருந்த மாதங்கள் கூடக்கூட விவாகரத்தும் கூடுகிறது என்று கண்டது. படையில் சேவை செய்த பெண்களின் குடும்பங்களுக்கே அதிகத் தீங்கு நேர்ந்தது என்பதையும் அது கூறிற்று. வீட்டைக் காத்து வரவேற்க ஆண்கள் இன்னும் பழகவில்லை போலும்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1939-45 யுத்தத்தில் இந்திய சைனியம் 25 லட்சம் பேராகப் பெருகிற்று. நாம் கேளாமலே நம்மை யுத்தத்தில் இழுத்துவிட்ட சர்க்கார், திரும்பியவர்களின் குடும்ப வாழ்வைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சுதந்திர இந்தியாவின் கதை என்ன? 1984 ஏப்ரலிலிருந்து சியாச்சின் பனிமலையில் நம் துருப்புகள் காவல் நிற்கின்றன. காச்மீர எல்லையிலும் கிழக்கு எல்லையிலும் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாத நிலையங்களில் ஜவான்கள் இரண்டு மூன்று வருஷம் கழிக்கின்றனர். வருஷத்துக்கு 60 நாள் ரஜா உண்டு. சில்லறை ரஜா தனி. ஆகவே அமெரிக்கக் குடும்பத்துக்கு ஓரிரு முறை நேர்வது, நம் ஜவான் குடும்பத்துக்குப் பதினைந்து இருபது வருஷ சேவையில் வருஷந்தோறும் நேர்கிறது. விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே திரும்பிப் போகிறான். பிறகு ஒரு நாள், நாற்பது வயதுக்கு முன்பின்னாக, பென்ஷனோடு நிரந்தரமாக வந்து சேர்கிறான். அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் முதல் முறையாகத் தினந்தோறும் பார்க்கிறார்கள்.

வேலூருக்கு அருகில் ராணுவப்பேட்டை என்றே வழங்கும் கம்மவான்பேட்டையைப் போல் வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் உள்ள கிராமங்களில் இது யாவரும் அறிந்த சங்கதி. நம் நாட்டில் இதில் மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. அதாவது மாமியார் வீடு. பழைய நாளில் ஜவானின் மணியார்டர் தகப்பன் பேருக்கு வந்தது. வீட்டு அதிகாரமும் அவரிடமே இருந்தது. இப்போது மனைவியின் பாங்குக் கணக்குக்குப் பணம் வருகிறது. அதிகாரம் மட்டும் அதனோடு சேர்ந்து வரவில்லை. பணத்தைப் பெறுபவள் ஒருத்தி, கணக்குக் கேட்பவர்கள் வேறு. ரஜாவில் வந்தவனிடம் தாய் ஒரு கதை சொல்கிறாள், மனைவி ஒரு கதை சொல்கிறாள். அறுபது நாளில் பாதி நாள் நியாயஸ்தலமாகிவிடுகிறது. மீதி நாள் தாசில்தார் ஆபீஸிலும் பட்டா விவகாரத்திலும் கழிகிறது. போர்முனையிலிருக்கும் சிப்பாய்மீது வழக்கு நடத்தி அவன் இல்லாத சமயம் தீர்ப்புப் பெறாதபடி தடுப்பதற்கு 1925-லேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் பங்காளி வரப்பைத் தள்ளிப் போட்டால் கிராமத்தில் எதிர்த்து நிற்க வேண்டியவள் அவன் மனைவிதான். அப்படி நின்றவளைப் பார்த்து, “நீ ஏன் ஊரில் வாயாடிப் பெயர் வாங்கினாய்?” என்று கேட்கும் கணவன்மாரும் உளர்.

டெலிபோன் வந்துவிட்டதே, தினம் பேசிக்கொள்கிறார்களே என்று சிலர் கூறலாம். வாஸ்தவம்தான். ஆனால் குழந்தைக்கு ஜுரம் என்பதை அவள் மறைக்கிறாள். குண்டு விழுந்ததை அவன் மறைக்கிறான். இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். இப்படி ஒரு வருஷம் மறைத்ததெல்லாம் சேர்ந்து, அவன் வீட்டுக்கு வந்த பின் ஒன்றொன்றாக வெளிப்படும்போது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியாகிறது. கான்டீனில் சலுகை விலைக்குக் கிடைக்கும் ரம் புட்டியும் பக்கத்தில் இருந்துவிட்டால் அக்கேள்வி கேட்கப்படும் விதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மதுவிலக்குக்காகப் போராடிய பத்திரிகைகள் இதைக் கண்டும் காணாமல் இருப்பது நமக்குச் சம்மதமன்று.

நம் பெண்கள் பொறுமைசாலிகள், இதெல்லாம் மேனாட்டு வியாதி என்று சொல்லும் தேசபக்தர்களும் இருக்கிறார்கள். நம் கிராமத்து மனைவி கோர்ட்டுக்குப் போவதில்லை என்பது மெய்யே. ஹிந்து விவாகச் சட்டம் 1955-லேயே வந்தது. அதற்கு முன் பெரும்பாலானோருக்குப் போக வழியே இல்லை. பின்பும் போகத் துணை இல்லை. வழக்கு இல்லாததைக் கொண்டு வருத்தமில்லை என்று முடிவு கட்டுவது, புகார் எழுதாத கைதிக்குச் சிறை பிடித்திருக்கிறது என்று சொல்வது போலாகும். பெண்ணின் பொறுமையைத் தேசத்தின் சேமிப்பாக எண்ணி எடுத்துச் செலவிடுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. கடினமான எல்லை நிலையத்தில் தவணை முடித்தவனுக்கு அவ்வருஷ ரஜாவைத் துண்டு துண்டாக நறுக்காமல் ஒரே தொடர்ச்சியாக அளிக்க வேண்டும். புறப்படுமுன் அவனிடம் படை அதிகாரி சில உண்மைகளைப் பேசுவது போல, மனைவிக்கும் அவளுடைய சொந்த பாஷையில் அதே உண்மைகளைச் சொல்ல ஏற்பாடு வேண்டும். 1966 முதல் இயங்கிவரும் ராணுவ மனைவியர் நலச் சங்கம் கன்டோன்மென்டுகளில் நல்ல சேவை செய்கிறது. ஆனால் ஜவானின் மனைவி கன்டோன்மென்டில் இருப்பது சில வருஷம், கிராமத்தில் இருப்பது பல வருஷம். ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பென்ஷனுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் மனுக் கொடுக்க வழி இருப்பது போல, வீட்டுத் துன்பத்தை ஒரு பெண் உத்தியோகஸ்தரிடம் தனிமையில் சொல்லவும், அது கணவனுடைய சேவைப் பதிவில் ஒரு வரியாகவும் ஏறாதிருக்கவும் வழி வேண்டும். போர்ட் ப்ராக் விசாரணை சொன்ன அச்சம் நம் படையில் இல்லையென்று எவரும் சத்தியம் செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது வீடு. அமைதி நிலையத்துக்கு மாற்றப்பட்ட ஜவான் மனைவி மக்களோடு தொடர்ந்து வாழ்ந்தால்தான் சேர்ந்து வாழப் பழக முடியும். இதற்காகவே சுமார் இரண்டு லட்சம் வீடுகள் கட்டும் நோக்கத்துடன் விவாகமான படையினர் குடியிருப்புத் திட்டம் 2002-ல் தொடங்கப்பட்டது. குறித்த காலத்தில் அது முடியவில்லை. வீடு காலியாகும் வரை காத்திருந்து, கிடைத்தபோது அடுத்த எல்லைத் தவணைக்கு உத்தரவு பெற்றுப் புறப்பட்ட ஜவான்கள் எத்தனை பேர் என்று நம் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் ராணுவ மந்திரியைக் கேட்கட்டும். பதில் வந்தால் அதைப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் வெளியிடட்டும்.