ஞாயிற்றுக்கிழமை யார் கொடுத்தது?

இந்த வாரம் விலைவாசியைப் பற்றி எழுதப் போவதில்லை. தேர்தலைப் பற்றியும் எழுதப் போவதில்லை. ஒரு சின்னக் குழந்தையைப் பற்றி எழுதப் போகிறோம். "என்ன, பத்திரிகையில் இடம் மிஞ்சி விட்டதா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கடைசி வரை படித்துவிட்டுக் கேட்கட்டும்.

நம் வீட்டில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. நாமோ கட்சியின் முழுநேர ஊழியர். காலையில் அது தூங்கும் போது மில் கேட்டுக்குப் புறப்பட்டு விடுவோம். இரவில் அது தூங்கிய பிறகு வீடு திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கிளைக் கூட்டம், சங்கக் கூட்டம், நிதி வசூல். சென்ற மாதம் ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாகப் பகலில் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்ற குழந்தை நம்மைப் பார்த்தது. உள்ளே திரும்பி, "அம்மா, மாமா வந்திருக்காங்க" என்றது. சங்கத் தோழர்கள் யாராவது வந்தால் அது அப்படித்தான் சொல்லும்.

குழந்தையின் தாய் சிரிக்கவில்லை. "ஏனுங்க, உங்க கட்சியில ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கெடையாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறோம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிறு குழந்தையை அழைத்துக்கொண்டு கோவை வ.உ.சி. பூங்காவுக்குப் போவது என்று முடிவாயிற்று.

பூங்காவில் கண்டது

சிங்காநல்லூரில் டவுன் பஸ் ஏறினோம். மூன்று பேரில் டிக்கெட் வாங்கியது நாம் ஒருவர்தான். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021 மே மாதத்தில் உத்தரவாயிற்று. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம் என்று 2022ல் அறிவித்தார்கள். உழைக்கும் குடும்பத்தின் கையில் நிற்கும் காசு இது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கம் கிடையாது.

சின்னக் குழந்தையோடு வெளியே போவது லேசான காரியமல்ல என்று அன்றுதான் தெரிந்தது. நடக்க வைத்தால் தூக்கச் சொல்லும். தூக்கினால் இறங்க வேண்டும் என்று உதைக்கும். கையில் கிடைத்த கல் வாய்க்குப் போகும். ஊஞ்சலுக்காக அழைத்துப் போனால், அது ஊஞ்சலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தரையில் ஊரும் எறும்புச் சாரியைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து விடும். பஞ்சு மிட்டாய்க்காரரைக் கண்டதும் வழியிலேயே படுத்துக்கொண்டு அழுதது. நம் ஜனங்களுக்குத் தெரிந்த பஞ்சு மூக்கிலும் நெஞ்சிலும் ஏறும் பஞ்சு. குழந்தைக்காவது பஞ்சு இனிக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தோம். இத்தனை வேலையையும் ஒரு தாய் தினசரி தனியாகவே செய்கிறார். அதற்குக் கூலியும் கிடையாது, லீவும் கிடையாது.

அங்கே ஒரு மரத்தடியில் நமக்குத் தெரிந்த மில் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்பின்னிங் பகுதியில் வேலை. அவருடைய மூன்று வயதுப் பையன் எதிரே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டிருக்கும் போதே அவர் கண் மூடியது. தலை ஆடியது. திடுக்கிட்டு விழித்து, "ஃபுல் நைட் முடிச்சு நேரா வந்துட்டேனுங்க தோழர். பையன் ஒரு மாசமாக் கேட்டுட்டிருந்தான்" என்றார்.

"வார லீவு இல்லையா?" என்று கேட்டோம்.

"லீவு இருக்குதுங்க. போன நாலு ஞாயித்துக்கிழமையில மூணு ஓ.டி. பார்த்தேன். பாக்காட்டி வாடகை கட்டறது எப்படிங்க?"

இவருக்கு வார லீவு கிடைத்தது. வாடகை அதை வாங்கிக்கொண்டு போய் விட்டது. பையன் கேட்ட ஞாயிறு, தூக்கக் கலக்கத்தோடு அரை ஞாயிறாக வந்து சேர்ந்தது.

பூங்காவின் பெயரில் இருக்கும் மனிதர்

அந்தப் பூங்காவுக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள்? வ.உ. சிதம்பரம் பிள்ளை. அவர் 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி நிறுவியவர், இதே கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியாரின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் வ.உ.சி. உடன் நின்றவர் சுப்பிரமணிய சிவா. கோரிக்கைகள் என்ன? கூலி உயர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும். மற்ற லீவு வசதிகள் வேண்டும். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. சில நாட்களிலேயே வெள்ளைக்கார முதலாளி இறங்கி வந்தான். கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அடுத்து என்ன நடந்தது? மார்ச் 12ந் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தது அந்நிய சர்க்கார்.

இதில் இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. பம்பாய் மில் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் போராடி 1890லேயே ஞாயிறு விடுமுறை பெற்றார்கள். 1891ல் தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை ஏறியது. சட்டப் புத்தகத்தில் ஏறிப் பதினேழு வருஷம் கழித்து, அதே விடுமுறைக்காகத் தூத்துக்குடித் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது! சட்டம் எழுதுவது ஒன்று, அது மில் கேட்டுக்குள் நுழைவது வேறொன்று. சங்கம்தான் அதை உள்ளே அழைத்து வர வேண்டும்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தோளில் ஏற்றிப் பூங்காவுக்குப் போகும் தொழிலாளி ஒன்றை மறக்கக்கூடாது. அந்த நாளை ஆண்டவனும் கொடுக்கவில்லை, முதலாளியும் கொடுக்கவில்லை. ஜெயிலுக்குப் போனவர்கள் வாங்கிக் கொடுத்தது அது.

பன்னிரண்டு மணி நேரக் கணக்கு

கிடைத்தது நிலைத்துவிட்டதா? 2023 ஏப்ரல் 21ந் தேதி சென்னைச் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா. "தொழிலாளி விரும்பினால்தான், நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு" என்று சமாதானம் சொன்னார்கள்.

அதைக் குழந்தையின் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வேலை பன்னிரண்டு மணி. போக வர இரண்டு மணி. உடம்பு தாங்க ஏழு மணித் தூக்கம். மிச்சம் மூன்று மணி. அதில் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், ரேஷன் கடைக்குப் போக வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை எட்டு மணிக்குக் கண்ணயரும். தகப்பன் புறப்படும் போது அது தூக்கம். திரும்பும் போதும் தூக்கம். மூன்று நாள் லீவு என்கிறார்களே, வாடகைக்காக ஞாயிறையே விற்கிறவன் அந்த மூன்று நாளையும் விற்க மாட்டானா? விரும்பி விற்றான் என்று அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

சங்கங்கள் கொதித்து எழுந்தன. கம்யூனிஸ்டுகள் மட்டுமல்ல, ஆளுங்கட்சியின் சங்கத்தாரும் ஏற்கவில்லை. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் தேதி வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியேற்றியது 1923 மே 1. சரியாக நூறு வருஷம் கழித்து, அதே தேதியில், எட்டு மணி நேரம் என்ற உரிமை தப்பிப் பிழைத்தது.

ஆபத்து தீர்ந்ததா? இல்லை. 2019லும் 2020லும் பார்லிமெண்டில் நிறைவேற்றிய நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமுலுக்குக் கொண்டு வந்திருக்கிறது. காலாண்டுக்கு இத்தனை மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்று 1948ம் வருஷச் சட்டம் தானே எல்லை கட்டி வைத்தது. புதிய தொகுப்போ அந்த எல்லையைச் சர்க்கார் விதியில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. விதி எழுதும் பேனா யார் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியாதா?

தாய் என்ன செய்வாள்?

தகப்பன் கதை இது. தாயின் கதை என்ன? 1948ம் வருஷச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976ல் அதை முப்பது பெண்கள் என்று திருத்தினார்கள். 2017ல் பிரசவ நலச் சட்டத்தைத் திருத்தி, ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். புதிய தொகுப்பிலும் இந்த வாசகம் இருக்கிறது.

வாசகம் இருக்கிறது, தொட்டில் இருக்கிறதா? காப்பகம் கட்டுவதைவிடத் தாயே வேண்டாம் என்பது பல முதலாளிகளின் சித்தாந்தம். கல்யாணமாகாத இளம் பெண்களைக் கொண்டு வந்து விடுதியில் அடைத்து, சில வருஷம் வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்றார்களே, "சுமங்கலித் திட்டம்", அதன் சூட்சுமங்களில் இதுவும் ஒன்று. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாவிட்டால் காப்பகமும் இல்லை. இன்று ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில் விடுதியில் கிடக்கும் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய குழந்தை ஆயிரம் மைலுக்கு அப்பால் பாட்டியிடம் வளர்கிறது. அவருக்கு எந்த ஞாயிறு, எந்தப் பூங்கா?

கிராமத்துக்குப் போவோம். நடவு வயலின் வரப்பில் மரக்கிளையில் தூளி தொங்கும். உள்ளே கைக்குழந்தை. காவலுக்கு நாலு வயது அக்காள். தஞ்சைப் பண்ணைகளில் குழந்தை அழுதாலும் பால் கொடுக்கக் கரையேற விடாத காலத்தைப் பற்றிப் பழைய தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சீனிவாசராவ் போன்ற தோழர்கள் செங்கொடிச் சங்கம் கட்டிய பிறகுதான், 1944ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில், சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. 2005ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தில், வேலைத் தலத்துக்கு ஐந்து சின்னக் குழந்தைகள் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதினார்கள். எத்தனை ஏரிக்கரையில் அந்தப் பெண்ணைப் பார்த்தோம்? 1975 முதல் அங்கன்வாடி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது மாலை வருமுன் பூட்டப்படும். களை எடுக்கப் போனவள் திரும்பும் நேரம் வேறு. அரை நைட் ஷிப்ட் முடியும் நேரம் வேறு.

நம் குற்றம்

முதலாளியையும் சர்க்காரையும் சொன்னோம். நம்மைச் சொல்ல வேண்டாமா?

கிடைத்த ஞாயிறை நாம் என்ன செய்கிறோம்? சில பேர் டாஸ்மாக் கடைக்குக் கொடுக்கிறோம். சில பேர் செல்போனுக்குக் கொடுக்கிறோம். நம்மைப் போன்ற ஊழியர்கள் முழுக்கக் கூட்டத்துக்குக் கொடுக்கிறோம். பிள்ளை தாயின் பொறுப்பு என்று எல்லோருமே இருந்து விடுகிறோம். மேடையில் பெண் விடுதலை பேசுகிறவனின் வீட்டில் பெண்ணுக்கு ஒரு மணி நேர ஓய்வு இல்லையென்றால், அந்தப் பேச்சை அவள் நம்புவாளா? கைக்குழந்தைக்காரி கூட்டத்துக்கு வருவதில்லை என்று குறைப்படுகிறோமே, குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு பாயாவது விரித்தோமா?

நம் கிளையில் இதைப் பேசினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு கூட்டமில்லை. தோழர்கள் குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்று யோசனை வந்தது. "புரட்சிக்கு லீவா தோழர்?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். "வார லீவுக்காகத்தானே கோரல் மில்லில் வேலைநிறுத்தம் செய்தார்கள்?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். மூத்த தோழர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "என் பையன் வளர்ந்ததே எனக்குத் தெரியாது" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

ஓவர்டைம் இல்லாமலே வாடகை கட்டும்படியான சம்பளம் வேண்டும். மில்லிலும் வயலிலும் சட்டம் சொன்ன காப்பகம் வேண்டும். வேலை நேரத்துக்கு ஏற்ப அங்கன்வாடி திறந்திருக்க வேண்டும். அதற்கான ஊழியரும் சம்பளமும் வேண்டும். எட்டு மணி நேரத்தில் யார் கை வைத்தாலும் விடக் கூடாது. இவற்றை உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வையுங்கள். பேசும் போது குழந்தை அழுதால் அழட்டும். அதுவும் அதன் கோரிக்கையைச் சொல்கிறது.

நம் வீட்டுக் குழந்தை இப்போதும் சில நாள் தூக்கக் கலக்கத்தில் நம்மை "மாமா" என்று கூப்பிட்டு விடுகிறது. ஒரு ஞாயிற்றில் தீருகிற கடன் அல்ல இது. அடுத்த ஞாயிறும் போக வேண்டும். மரத்தடியில் கண்ட தோழர் அப்போதாவது தூங்கி எழுந்த கண்ணோடு தன் பையனோடு வர வேண்டும். அதற்காகத்தான் சங்கம்.