கண் திறக்கும் வேளை

மலராசிரியர் எம்மிடம் கட்டுரை கேட்டு எழுதிய கடிதம் மூன்று மாதங்களாக மேசையிற் கிடந்தது. நாம் எழுத்தாளர் அல்லேம் என்று மறுமொழி வரையத் தொடங்கி இருமுறை கிழித்தெறிந்தோம். பழைய மாணவர் வேறு பலரும் இதே மறுமொழியையே அனுப்பினர் எனப் பின்னர் அறிந்தோம். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், தோட்டத்துத் தலைமை இலிகிதர் யாவர்க்கும் ஒரே சாட்டு. கல்லூரி நாட்களிற் கையெழுத்துச் சஞ்சிகை நடத்திக் கவிதைகளை எழுதிக் குவித்தவர்கள் தாமா இவர்கள்? இத்தனை பேரும் ஒருங்கே அடக்கமுடையோர் ஆகிவிட்டனர் என்று நம்ப எமக்கு மனம் வரவில்லை.

உள்ளதைச் சொல்வதாயின், இஃது அடக்கம் அன்று, ஆசை. புகழ் உறுதியென்று தெரிந்தாலன்றி எழுதுகோலைத் தொடோம் என்னும் பிடிவாதத்துக்கு நாம் சூட்டிய நல்ல பெயரே அடக்கம் என்பது. பிறரைக் குறை கூறவில்லை, எம்மையே சொல்கின்றோம். இருபத்திரண்டாம் வயதில் ஒரு நாவலைத் தொடங்கினோம். ஏழாம் அதிகாரத்தில், பெரியோர் எழுதியவற்றின் முன் இஃது எம்மாத்திரம் என்ற ஐயம் பிறந்தது. அன்று கட்டிவைத்த கொப்பி இன்றும் அலுமாரியில் இருக்கின்றது.

ஆனந்த குமாரசுவாமியை நினைக்குந்தோறும் அக்கொப்பியின் நினைவும் எமக்கு உடன் வருகின்றது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான அவர் 1903 ஆம் ஆண்டில் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவரானார். கல்லும் மண்ணும் ஆராய வந்தவர் கண்டிச்சீமைக் கைவினைஞரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். தச்சரும் தட்டாரும் ஓவியரும் தொழில் செய்யும் முறைகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். மனைவியார் எதெல் புகைப்படங்கள் எடுத்தார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அந்நூல் 1908 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வில்லியம் மொரிசு சோசரின் நூலை அச்சிட்ட கைப்பொறியிலே, பதினைந்து மாதம் உழைத்து, 425 பிரதிகளே அச்சிட்டனர். நானூற்றிருபத்தைந்து! எமது ஊர்க் கலியாணங்களுக்கு அழைப்பிதழ் இதனினும் மிகுதியாக அடிக்கின்றார்கள். அப்போது அவர்க்கு வயது முப்பத்தொன்று. கற்ற துறையோ புவியியல் அன்று, புவிச்சரிதவியல். கலை பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று ஒருவர் கேட்டிருப்பின் நியாயமான கேள்வியே ஆகும்.

அவர் விவரிக்கும் சடங்குகளுள் ஒன்று எம் சிந்தையை விட்டு நீங்குவதில்லை. புத்தர் பிரதிமைக்குக் கண் எழுதுதல், அதாவது நேத்திர மங்கல்யம். உருவம் முழுவதும் முடிந்த பின்னரே, குறித்த சுபமுகூர்த்தத்தில் அது நிகழும். ஓவியன் பிரதிமையை நேரே நோக்கான். கண்ணாடியிற் பார்த்தே விழியைத் தீட்டுவான். பின்னர் அவன் கண்ணைக் கட்டி வெளியே அழைத்துச் செல்வர். முதற்பார்வை விழும் பொருளை அவன் வாளால் வெட்டுவான். எமது ஆலயங்களிலும் தபதியார் மூர்த்தியின் கண்ணைத் திறப்பது இறுதியிலன்றோ?

அச்சம் அவனுக்கும் உண்டு; ஆனால் அது வரும் இடம் வேறு. உளியும் தூரிகையும் ஓய்ந்து, விழி மாத்திரம் எஞ்சிய வேளையில் வருகின்றது. நாமோ மரத்தை வெட்டுமுன்னரே கண்ணைக் கட்டிக்கொள்கின்றோம்.

அக்காலத்தவர் பெயரை விரும்பாதவர், ஆதலால் அவர்க்கு இஃது எளிது என்று ஒரு நண்பர் வாதிட்டார். நாம் உடன்படவில்லை. கண்டிக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரையின் 1344 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அதனைக் கட்டிய கணேசுவராசாரியின் பெயரைச் சொல்கின்றது. தென்னாட்டிலிருந்து வந்த சிற்பி அவர். பெயரை விரும்புதல் குற்றமன்று. எனினும் கட்டடம் எழுந்தமையாலன்றோ பெயரைப் பொறிக்க இடம் கிடைத்தது! அவருடைய தூண்களுள் எது கோணல், எது நேர் என்று நாம் இன்று வாதிடலாம். வாதிடுதற்குத் தூண்கள் அங்கே நிற்கின்றன.

இக்கட்டுரையை முடித்த இரவு அலுமாரியைத் திறந்தோம். கொப்பியின் ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது, மை பழுப்பேறியிருந்தது. எட்டாம் அதிகாரம் என்று தலைப்பிட்டு நான்கு வரிகள் எழுதினோம். மூன்றாம் வரி எமக்குப் பிடிக்கவில்லை. அதனை அடிக்காமல் ஐந்தாம் வரிக்குப் போயினோம்.