ஒரே குண்டில் வீழ்த்துமா? அமெரிக்கத் தோட்டாக் கணக்கில் விடுபட்டவை

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்கும் அமெரிக்கர்கள் அடுத்ததாகக் கேட்பது, "எந்தத் தோட்டா நல்லது?" என்பதைத்தான். இதற்குப் பதிலாகச் சில சதவீதக் கணக்குகள் அங்கே நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. அவை எப்படி உருவாயின என்று பார்ப்போம்.

டெட்ராய்ட் காவல்துறையில் பணியாற்றிய இவான் மார்ஷல், எட்வின் சானோவுடன் இணைந்து 1992இல் ஒரு நூலை வெளியிட்டார். உண்மையான துப்பாக்கிச் சூடுகளைத் திரட்டி, எந்தத் தோட்டா நூற்றுக்கு எத்தனை பேரை ஒரே குண்டில் நிறுத்தியது என்று அதில் பட்டியலிட்டனர். .357 மேக்னம் வகைத் தோட்டா ஒன்றுக்கு 90 சதவீதத்துக்கும் மேல் கிடைத்தது.

ஆனால் உடலில் ஒரே ஒரு குண்டு பாய்ந்த சம்பவங்களை மட்டுமே அவர்கள் எண்ணினர். முதல் குண்டு பலிக்காமல் மீண்டும் சுட்டுத் தாக்கியிருந்தால், அந்தச் சம்பவம் கணக்கிலேயே வராது. தோற்ற மாணவர்களின் பெயர்களை நீக்கிவிட்டுப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை அறிவிப்பது போன்றது இது. காயத்தால் விழுந்தவர் யார், பயத்தால் நின்றவர் யார் என்பதையும் இந்தச் சதவீதம் பிரித்துக் காட்டாது. காயங்களை ஆராய்ந்த இராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் போன்றோர் இந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்தனர்.

எஃப்.பி.ஐ.யின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் கொள்ளையர் இருவருடன் நடந்த மோதலில் அதன் அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். கொள்ளையன் ஒருவனைத் தாக்கிய 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டான். அதன்பின் 10 மில்லிமீட்டர், பிறகு .40 என்று பெரிய தோட்டாக்களுக்கு மாறிய அதே நிறுவனம், 2014இல் மீண்டும் 9 மில்லிமீட்டரே போதும் என்ற முடிவுக்கு வந்தது. இதற்கிடையே குண்டின் வடிவமைப்பு மேம்பட்டிருந்தது. மோதலில் காவலர்கள் சுடுவதில் 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகிறது என்றும், சிறிய தோட்டாவில் குறி வைப்பது எளிது என்றும் அது விளக்கியது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், நள்ளிரவில் பதறி எழும் குடும்பத் தலைவரின் நிலை என்ன?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. தோட்டாவின் திறனைச் சொல்லும் பட்டியல்கள் திருடன் நுழையும் அந்த ஒரு இரவை மட்டுமே பேசுகின்றன. மற்ற நாட்களிலும் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், அதாவது பாதிக்கும் மேல். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் பிழைப்பதில்லை. மனமுடைந்த ஒரு பிள்ளைக்கு மறுவாய்ப்பு கிடைக்காமல் போவது இதனால்தான்.

ஆகவே, "எந்தத் தோட்டா?" என்பதற்கு முன் கேட்க வேண்டியது, "இந்த வீட்டில் இது தேவையா?" என்பதே. தேவை என்று முடிவெடுப்பவர்கள் துப்பாக்கியைப் பூட்டியும், தோட்டாவை வேறிடத்தில் பூட்டியும் வைப்பது குறைந்தபட்சக் கடமை. எந்தச் சதவீதத்தைக் கண்டாலும், அதில் யார் எண்ணப்படவில்லை என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.